இருபத்தாறு இலக்கம்

2007 ஆகஸ்டில் புதுச்சத்திரத்தில் ஆளாளுக்கு செல்போனைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், கோழிப்பண்ணை வாசலில். நோக்கியா பேட்டரி வெடிக்குதாம் என்று பேச்சு.

நோக்கியா சொன்னது வேறு. 2005 டிசம்பரிலிருந்து 2006 நவம்பர் வரை ஜப்பானின் மட்சுஷிட்டா தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகளில் சில, சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் ஆகி அதிகம் சூடாகலாம், அந்த 4.6 கோடி பேட்டரிகளையும் கேட்பவர்களுக்கு இலவசமாக மாற்றித் தருகிறோம். ஆகஸ்ட் 14 அறிவிப்பு இவ்வளவுதான். அதுவரை உலகம் முழுக்கச் சுமார் நூறு சம்பவங்கள்.

பேட்டரியின் முதுகில் 26 இலக்க எண் இருக்கும். அதை நோக்கியா இணையதளத்தில் அடித்துப் பார்க்க வேண்டும். நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். எங்கள் தெருவுக்கு அதுவே போதுமான தகுதி. லாங் சைஸ் நோட்டில் பதினான்கு பேர் நம்பரை எழுதிக்கொண்டு நாமக்கல் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மூன்று பேருக்கு மாற்று உண்டு என்று வந்தது. எழுதும்போதே இரண்டு பேர் பேட்டரியில் நம்பரே இல்லை. “டூப்ளிகேட்டுங்க, தூக்கிப் போட்டுருங்க” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

நம்பர் இல்லாத மூன்றாவது பேட்டரி எங்கள் வீட்டில் இருந்தது.

அப்பா லாரி ஓட்டினார். அவருடைய 1100இல் சார்ஜ் நிற்கவில்லை என்று நாலு மாதம் முன்பு என்னிடம் நானூறு ரூபாய் கொடுத்து ஒரிஜினல் வாங்கிவரச் சொன்னார். பிளாட்பாரக் கடையில் எண்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மிச்சம் சினிமாவுக்கும் புரோட்டாவுக்கும் போனது.

“நம்முளுத பாத்தியா சாமி?”

“பாத்துட்டனுங்ப்பா. ஒண்ணும் ஆவாது.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முட்டை லோடோடு கேரளா கிளம்பினார். இடது பக்கப் பை.

இன்று மென்பொருளில் தவறு வந்தால் எந்த வெர்ஷன், எந்த நாள் என்று லாக் தேடுவதுதான் என் பிழைப்பு. அதனால் எனக்கு அந்த 4.6 கோடியைவிட இன்னொரு எண் முக்கியமாகப் படுகிறது. பல கம்பெனிகள் சேர்ந்து செய்த பிஎல்-5சி மொத்தம் 30 கோடிக்கு மேல். அதிலிருந்து ஒரு கம்பெனியின் ஒரு வருடச் சரக்கைப் பிரித்தெடுக்க முடிந்தது. 2016இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது, மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்தன. பேட்டரி வேறு கம்பெனி, குறையும் வேறு. கடைசியில் மாடலையே நிறுத்தினார்கள். பெரிய பிராண்டுகளும் சொதப்பும். ஆனால் எங்கே சொதப்பியது என்று தேடிப் போக ஒரு வழி இருக்கும். எண்பது ரூபாய் பேட்டரிக்கு அது கிடையாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான்தான்.

மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. ஹாஸ்டல் நண்பனிடம் கடன் வாங்கி ஒரிஜினல் வாங்கினேன். அப்பா லோடு இறக்கித் திரும்பி வந்து தூங்கும்போது மாற்றினேன். பழையதைத் தரையில் வைத்துச் சுண்டினால் பம்பரமாகச் சுற்றியது. அடிப்பக்கம் உப்பியிருந்தது.

ஒரு மாதம் கழித்து டீக்கடையில் அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “ஊரே பயந்துச்சு. நம்முளுத பாருங்க, முன்னைக்கு இப்ப சார்ஜ் நல்லா நிக்குது. நோக்கியான்னா நோக்கியாதானுங்க.”

நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.