நீர் சூழ்ந்த மலை: திருநீர்மலை உணர்த்தும் கைங்கர்யம்

சென்னையிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ மேற்கே திரும்பிச் சில கிலோமீட்டர் சென்றால், நெருங்கி நிற்கும் குடியிருப்புகளுக்கு மேலாக ஒரு குன்று தென்படும். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருநீர்மலை அதுவே. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்தருளிய திருத்தலம்.

எம்பெருமான் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் அருள்புரிவதாக ஆன்றோர் போற்றுவர். அந்த நான்கு திருக்கோலங்களையும் ஒரே தலத்தில் சேவிக்கும் பேறு இங்கே வாய்க்கிறது. அடிவாரக் கோயிலில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் எழுந்தருளியுள்ளார். படியேறி மலைமேல் சென்றால், இருந்த கோலத்தில் சாந்த நரசிம்மரையும், கிடந்த கோலத்தில் அரங்கநாதரையும், நடந்த கோலத்தில் உலகளந்த பெருமாளையும் சேவிக்கலாம். கீழே அணிமாமலர் மங்கைத் தாயார். மேலே ரங்கநாயகித் தாயார். மலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கிய வால்மீகி முனிவர், இராமபிரானாகவும் காட்சி தரவேண்டும் என்று வேண்ட, எம்பெருமான் அவ்வாறே அருளினார் என்பது தல வரலாறு. அதனால் அடிவாரக் கோயிலில் இராமபிரான் சந்நிதியும் சிறப்புற்றது.

பெயர் தந்த நீர்

இத்தலத்தின் பெயரிலேயே நீர் இருக்கிறது. வடமொழியில் தோயகிரி என்பர். தோயம் என்றாலும் நீர்தான். இறைவன் திருநாமமோ நீர்வண்ணன். சித்தம், சொர்ணம், காருண்யம், க்ஷீரம் என நான்கு புஷ்கரணிகளைத் தல வரலாறு கூறுகிறது. மலை, மூர்த்தி, தீர்த்தம் ஆகிய மூன்றும் நீரையே சொல்லி நிற்கும் தலங்கள் மிகச் சிலவே.

திருமங்கையாழ்வார் இங்கு எழுந்தருளியபோது, குன்றைச் சுற்றிலும் அரண் போல் நீர் சூழ்ந்திருந்ததாம். ஆழ்வார் திரும்பிச் செல்லவில்லை. நீர் வடியும்வரை ஆறு மாத காலம் அருகிலேயே தங்கிக் காத்திருந்து, பின்னர் மலையேறிப் பெருமாளைச் சேவித்தார் என்று பெரியோர் கூறுவர். குதிரையேறிப் போர் புரிந்த மன்னர், நீருக்கு முன்னே பொறுமையோடு காத்து நின்றார் என்பதை ஊன்றி நோக்க வேண்டும். நீருக்கு உரிய இடத்தை நீருக்கு விட்டுவைத்த காலம் அது.

இந்த வரலாற்றுக்கு நிலமும் சான்று கூறுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைக்கு அருகில்தான். ஆற்றங்கரையும் தாழ்நிலமும் ஏரிகளும் சேர்ந்த பகுதி இது. ஓர் ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் கால்வாயில் ஓடி அடுத்த ஏரியை நிறைக்கும். கடைசியில் ஆற்றை அடையும். முன்னோர் வகுத்த ஒழுங்கு அது.

வயல்கள் மனைகளாயின. நீரோடும் கால்வாய்கள் குறுகின. குரோம்பேட்டை என்னும் பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பல்லாவரம், பம்மல் வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பல இடங்களில் கிணற்று நீரும் கெட்டது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கரையோரக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு துன்பங்களாகத் தோன்றினாலும் வேர் ஒன்றே. வந்த நீரைத் தங்கவிடாத ஊர், நீர் வராத நாளில் தவிக்கத்தான் செய்யும்.

பம்மல் பெண்கள்

இதற்குப் பரிகாரம் உண்டா என்று கேட்போர், திருநீர்மலையின் அண்டை ஊரான பம்மலைப் பார்க்கலாம். 1994ஆம் ஆண்டு அங்குள்ள ஸ்ரீ சங்கரா நகரில் பத்துப் பெண்கள் கூடி ஒரு மகளிர் மன்றம் அமைத்தனர். தெருமுனையில் குப்பை மலைபோல் குவிந்து நாறியது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. யாரோ வந்து அள்ளுவார்கள் என்று காத்திராமல், வீடுதோறும் சிறு தொகை திரட்டி, பணியாளர்களை அமர்த்தி, குப்பையை வீட்டு வாசலிலேயே பெற்றுக்கொள்ளும் முறையைத் தொடங்கினர். காய்கறிக் கழிவும் உணவு மிச்சமும் ஒருபுறம், காகிதமும் பிளாஸ்டிக்கும் மறுபுறம் என்று தரம் பிரித்தனர். மக்கும் கழிவு மண்புழு உரமாயிற்று. நாளடைவில் அம்முயற்சி எக்ஸ்னோரா கிரீன் பம்மல் என்னும் அமைப்பாக வளர்ந்து, ஒரு நகர் என்ற எல்லையைக் கடந்து பம்மலின் பிற பகுதிகளுக்கும் பரவியது.

பெருஞ்செல்வமோ பதவியோ அவர்களிடம் இருக்கவில்லை. தன் வீட்டு வாசலைப் போலவே தெருவும் தன்னுடையது என்ற எண்ணமே முதலாக இருந்தது. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடும் கைகளுக்கு அந்த எண்ணம் புதிதன்று. கோலத்தின் எல்லையைச் சற்றே விரித்தார்கள், அவ்வளவே.

மண் சுமந்ததும் தொண்டே

தெருவைத் தூய்மை செய்வதும் ஏரியைக் காப்பதும் உலகியல் வேலை, பக்தியோடு அதற்கென்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். வைணவ மரபு அனந்தாழ்வானின் வரலாற்றைக் கொண்டு அதற்கு விடை கூறுகிறது. இராமானுசரின் திருவுள்ளப்படி திருமலைக்குச் சென்று, வேங்கடவனுக்கு நந்தவனம் அமைத்தவர் அவர். செடிகளுக்கு நீர் வேண்டி ஏரி ஒன்றையும் வெட்டினார். கருவுற்றிருந்த அவருடைய துணைவியார் மண் கூடையைச் சுமந்தார். பெருமாளே சிறுவனாக வந்து அந்தக் கூடையில் கைகொடுக்க, தம் கைங்கர்யத்தில் வேறொருவர் பங்கு கொள்வதா என்று சினந்த அனந்தாழ்வான் கடப்பாரையை எறிந்தார். அது சிறுவனின் முகவாயில் பட்டது. இன்றும் திருமலையப்பனின் முகவாயில் பச்சைக் கற்பூரம் சாத்துவது அதன் நினைவாகவே.

ஏரி வெட்டும் வேலைக்கு இறைவனே கூலியாளாக வந்தான் என்று சொல்லும் மரபில், நீரைக் காப்பது கோயில் தொண்டுக்குப் புறம்பானதாக எவ்வாறு இருக்க முடியும்?

மொட்டைமாடியின் வரவு

1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆக, அந்த ஒரு மாடியில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,30,000 லிட்டர் நீர் இறங்குகிறது. கால்பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டர் அளவுக்கு மிஞ்சும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி எட்டு முறை வந்து போனதற்கு அது சமம். தெருவில் ஓடவிட்டால் செலவு. நிலத்துக்குள் செலுத்தினால் வரவு.

தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழிகள் பல இடங்களில் தூர்ந்து கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். அதற்கு முந்திய புரட்டாசியில் பெருமாளுக்கு விரதமிருக்கும் குடும்பங்கள், ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்கலாம். மாடியைப் பெருக்கி, குழாயின் அடைப்பை நீக்கி, குழியிலுள்ள கூழாங்கல்லையும் மணலையும் கழுவிப் போட்டால் போதும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்து வரும் மழையைக் குழிக்குள் திருப்ப வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் பெரியவர்கள் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னால், வேலைக்கு ஓடும் இளையவர்கள் நிச்சயம் செவிமடுப்பார்கள்.

பூவும் பையும்

சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலையைக் கால்படும் இடத்தில் இடலாகாது என்பது மரபு. அதற்காகவே பலரும் வீட்டுப் பூஜையின் நிர்மால்யத்தைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து குளத்திலோ ஆற்றிலோ இடுகின்றனர். பூ மக்கிவிடும், பை மக்காது. தீர்த்தத்தை மாசுபடுத்துவது புண்ணியம் ஆகாது. துளைகளிட்ட ஒரு மண்தொட்டியில் பூவையும் துளசியையும் உலர்ந்த இலைகளோடு அடுக்கி, அவ்வப்போது கிளறிவந்தால் சில மாதங்களில் உரமாகிவிடும். அதை துளசி மாடத்துக்கே இடலாம். பெருமாளுக்குச் சூட்டிய பூ மீண்டும் பெருமாளுக்கே துளசியாய்ச் சேரும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பைக்கு மீண்டும் திரும்புமாறு இயக்கமும் தொடங்கியது. தேங்காய் பழத்தை மஞ்சள் பையிலும் பிரசாதத்தைத் தொன்னையிலும் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு இது மறந்துபோன பழக்கம்தான். பேரக் குழந்தைகளின் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

திருநீர்மலையைச் சேவிக்க விரும்புவோர் பல்லாவரம் அல்லது குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்திலோ ஆட்டோவிலோ செல்லலாம். முதியோர் வெயிலுக்கு முன் காலையிலேயே மலையேறுவது நலம். ஏற இயலாதவர்கள் அடிவாரத்தில் நீர்வண்ணனையும் இராமபிரானையும் சேவித்து மனநிறைவு கொள்ளலாம்.

ஆழ்வார் காலத்தில் இம்மலைக்கு அரணாக நின்றது நீர். இன்று அந்த நீருக்கு அரணாக நிற்க வேண்டியவர்கள் அடியார்கள். மலையைச் சுற்றி நீர் இருக்கும்வரைதான் அதன் பெயருக்குப் பொருள் இருக்கும். அந்தப் பொருள் குன்றாமல் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர நீர்வண்ணன் திருவருள் துணைநிற்கட்டும்.