சாவி வைத்திருப்பவர் விற்கலாமா?

சூதாட்ட விடுதிச் சில்லுகளைச் சேகரிப்போரிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: உள்ளே வேலை செய்பவர் எடுத்து விற்றதை வாங்கலாமா? அமெரிக்காவில் விடுதி மூடும்போது மிஞ்சிய சில்லுகளை அழிப்பது வழக்கம். தப்பியதற்கு விலை ஏறும்; தப்பவைப்பவர் பலவேளை உள்ளாள்தான். அட்லாண்டிக் சிட்டியில் 1984 வரை நடந்த பிளேபாய் விடுதியின் சில்லுகளை, அழிக்கப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே பெட்டிகளாக எடுத்து வங்கியில் வைத்தார். பிற்காலத்தில் அவை ஏலத்துக்கு வந்தன. அவர் எடுத்திராவிட்டால் எதுவும் மிஞ்சாது என்பது ஒரு கட்சி. நம்பி ஒப்படைத்ததை எடுப்பது திருட்டே என்பது மறுகட்சி. இரண்டாவதே நியாயம். பொருள் பிழைத்தது என்பதால் எடுத்த கை சுத்தமாகிவிடாது.

ஒரு டாலர் சில்லுக்கும் அது கைமாறிய வழியை விசாரிக்கும் அந்தப் பிடிவாதம் இலங்கை மலையகத்தின் மாத்தளைக்கும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, மாவட்ட எழுத்தும் தோட்ட இலக்கமும் பொறித்த தகர டிக்கெட்டைக் கயிற்றில் கோர்த்துத் தொழிலாளியின் கழுத்தில் மாட்டினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டியவர் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்தத் தகரமும், செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகமும், ஆள் சேர்த்த கங்காணியின் துண்டுச் சீட்டும் மலையகத் தமிழரின் ஊர்ப் பத்திரங்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களிலும் 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்தபோதும் தோட்டங்கள் கைமாறின. ஆபீஸ் அலுமாரியில் கிடப்பது யாருடையது என்ற கேள்வி இவ்வாறு மங்கும்போது, சாவி வைத்திருப்பவருக்கு அது பழைய இரும்பாகிவிடும்.

சட்டம் செய்திருப்பது இதைவிடப் பெரிய அநீதி. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், பொதுவாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதையே தொல்பொருள் என வரையறுக்கிறது. கண்டி இராச்சியம் ஒப்பந்தப்படி பிரித்தானியர் வசமான நாளின் கோடு அது. கோப்பிக்காக வந்த மக்களின் வரலாறு முழுவதும் அந்தக் கோட்டுக்கு இப்பால் விழுகிறது. அவர்கள் கழுத்தில் தொங்கியது எதுவும் அந்த வரையறைக்குள் வராது.

வெளிநாட்டில் இருந்தால்தான் இந்தத் தோட்டப் பொருட்கள் பாதுகாப்பாக இருக்கும் என்று புலம்பெயர்ந்தோர் சிலர் வாதிடுவதுண்டு. லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 2,000 பொருட்கள் காணாமற்போயோ களவுபோயோ சேதமடைந்தோ இருப்பது 2023இல் வெளிவந்தது. சந்தேகம் உள்ளிருந்த ஊழியர்மேலேயே விழுந்தது. பல பொருட்கள் ஒழுங்காகப் பதியப்படாதிருந்ததே களவுக்கு வசதியானது. 2021இலேயே எச்சரித்தவர் ஒரு வணிகர். அவர் சொல் அப்போது எடுபடவில்லை. மறுபுறம், புத்த திரிபிடகத்தை முதன்முதல் ஏட்டில் எழுதிய இடமாகப் போற்றப்படும் அளுவிகாரை மாத்தளையில் உள்ளது. பேணிக்காக்கும் அறிவை அந்த மண் யாரிடமும் கடன் வாங்கவேண்டியதில்லை.

வேண்டியவை மூன்று: தோட்ட ஆபீஸ்களில் உள்ளவற்றைப் பதிந்த பட்டியல், ஊழியர் தம் பொறுப்பிலுள்ளதை விற்கத் தடை, எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாத பொருளைச் சேகரிப்பாளர் வாங்க மறுப்பது. முதலிரண்டும் அரசும் கம்பனிகளும் செய்யவேண்டியவை. மூன்றாவதை வெளிநாட்டில் பணம் வைத்திருக்கும் மலையகத் தமிழர் இன்றே தொடங்கலாம்.