புதுப்பேட்டையில் ஒரு போல்ட்!

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி கூவம் பக்கமாக நடையைக் கட்டுங்கள். வழி கேட்கவே வேண்டாம். கூவம் வாசமும் கிரீஸ் வாசமும் எங்கே கலக்கிறதோ, அதுதான் புதுப்பேட்டை! 2006-ல் செல்வராகவன் எடுத்த படத்தால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பேர். ஆனா நிஜப் புதுப்பேட்டையில் அடிதடி எல்லாம் சுத்தியலுக்கும் நட்டுக்கும் நடுவில்தான்.

கார் கதவுகளை அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடை வாசலில் ஸ்டீயரிங் வளையங்கள் மாலையாகத் தொங்குகின்றன. பிளாட்பாரத்தில் ஹெட்லைட்டுகள் வரிசையாக உட்கார்ந்து நம்மையே முறைக்கின்றன. 'புதுப்பேட்டை வாசல்ல காரை நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு வந்தா, உன் கார் சைடு மிரரை உன்கிட்டயே விற்பாங்க' என்பது சென்னையில் எல்லா மாமாக்களும் சொல்லும் ஜோக். கடைக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கல. எத்தனை வருஷமா கேட்கிறாங்களோ, பாவம்!

நாங்கள் போனது ஜாலிக்காக இல்லை. என் கிளாஸ்மேட்டின் அப்பாவிடம் 2009 மாடல் மாருதி 800 ஒன்று இருக்கிறது. திருவொற்றியூரில் அம்மா சின்னதாக மெஸ் நடத்துகிறார். அப்பா விடியற்காலை காசிமேடு போய், ஐஸ் போட்ட மீன் டப்பை பின்சீட்டில் ஏற்றி வருவார். பதினைந்து வருஷத்துக்கு மேல் டப்பிலிருந்து உப்புத் தண்ணி சொட்டிச் சொட்டி, காரின் பின்பக்க அடிப்பாகம் முழுக்கத் துரு. வெளியே கடல் காற்று, உள்ளே மீன் தண்ணி... இரும்பு என்னதான் செய்யும்?

ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் பின்னாடி 'டொக் டொக்'. வேகத்தில் லேன் மாற்றினால் காரின் வால் தனியாக ஆடும். ஏரியா மெக்கானிக் ஒருவர் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "போல்ட் எல்லாம் பிடிச்சுக்கிச்சு. கழட்ட முடியாது. ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். கார் போனால் தினமும் ஆட்டோவுக்குக் கொடுக்கணும். மெஸ் லாபத்தில் பாதி அங்கேயே காலி. விலை கேட்கலாம் என்றுதான் மூணு பேரும் காரோடு கிளம்பினோம்.

முதல் கடையில் சொன்ன விலை, எடைக்குப் போடும் விலை. அதோடு ஒரு நல்ல விஷயமும் சொன்னார் அந்த அண்ணன். 2021-ல் வந்த மத்திய அரசு விதிகள்படி, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் வண்டியை ஒப்படைத்து டெபாசிட் சான்றிதழ் வாங்கணும். சும்மா யாரிடமாவது தள்ளிவிட்டு வந்தால் ஆர்.சி. நம் பேரிலேயே இருக்கும். நாளைக்கு அந்த வண்டியால் ஏதாவது வில்லங்கம் வந்தால், தேடி வருவது நம் வீட்டுக்கு!

அப்பா முகம் தொங்கிப் போச்சு. எதிர்ச் சந்தில் இருந்த ஒரு மெக்கானிக் அண்ணன் (பேர் வேண்டாம் தம்பி என்று கும்பிடு போட்டுவிட்டார்) டீ கிளாஸோடு வந்து குனிந்து பார்த்தார். "போல்ட்டுதானே பிடிச்சிருக்கு? பாடி நல்லா இருக்கே! பிராக்கெட்டுல ஓட்டை விழலயே! இதுக்கு ஏன் காரை விக்கணும்?"

இந்த இடத்தில் கொஞ்சம் மெக்கானிக்கல் கிளாஸ் எடுக்கிறேன், பொறுத்துக்கோங்க. மாருதி 800-ன் பின் ஆக்ஸிலை முன்னே பின்னே நகராமல் பிடித்திருப்பது ரெண்டு ட்ரெய்லிங் ஆர்ம். பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது ஒரு குறுக்குக் கம்பி. இவற்றின் முனைகளில் ரப்பர் புஷ் இருக்கும். ரப்பருக்கு நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதாவது ஸ்லீவ். அதற்குள்ளேதான் போல்ட் போகும். ரப்பர் கிழிந்தால் ஆக்ஸில் தன் இஷ்டத்துக்கு ஆடும். டொக் டொக் சத்தமும் வால் ஆட்டமும் இதனால்தான். புது புஷ் ஒன்றின் விலை ஒரு பிரியாணி அளவுதான். வில்லன் புஷ் இல்லை, போல்ட்!

போல்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் இருப்பது மயிரிழை இடைவெளி. அதில் தண்ணி புகுந்து துரு பிடிக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அடைத்துக்கொண்டு போல்ட்டும் ஸ்லீவும் ஒன்றாகிவிடும். அண்ணன் முந்திய நட்டைக் கழற்றிவிட்டு, போல்ட் தலையில் ஸ்பேனரைப் போட்டு என் கையில் கொடுத்தார். திருப்பினேன். கால் சுற்று போனது. விட்டதும் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வந்தது! "இப்போ சுத்தறது போல்ட் இல்ல தம்பி, ரப்பரு. ஸ்லீவும் சேர்ந்து சுத்துது. இந்த ஃபீலிங்கு வந்தா அப்புறம் எவ்ளோ ஸ்பிரே அடிச்சாலும் வேஸ்ட்டு. எண்ணெய் உள்ள போவாது."

வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் ஐடியா வந்தது. நீளமான பைப்பை மாட்டி இழுக்கலாம் என்றார் ஒருவர். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். 8.8 கிரேடு, 12 மி.மீ. போல்ட்டை முறுக்க சுமார் 80 நியூட்டன் மீட்டர் போதும். ஒரு மீட்டர் பைப்பில் 40 கிலோ பலம் கொடுத்தால் கிட்டத்தட்ட 400! போல்ட் தலை துண்டாகித் தெறிக்கும். சில கார்களில் நட்டை பாடிக்குள்ளேயே வெல்டு பண்ணியிருப்பார்கள். அது பிய்ந்து உள்ளே சுற்ற ஆரம்பித்தால் பாடியையே வெட்டணும்.

பக்கத்துக் கடைப் பையன் கேஸ் டார்ச்சைத் தூக்கிட்டு வந்தான். சூடு காட்டினால் இரும்பு விரியும், சரி. எவ்வளவு? 12 மி.மீ. ஓட்டையை 300 டிகிரி ஏற்றினால் 0.04 மி.மீ. சில சமயம் துரு விட்டுக்கொடுக்க அதுவே போதும்தான். ஆனா அண்ணன் அவனை விரட்டிவிட்டார். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க், பிரேக் பைப். போதாக்குறைக்கு ரப்பர் எரிந்த புகை. "டேய், மாத்தப்போறது புஷ்ஷு, போல்ட்டு ரெண்டும். ரெண்டுமே குப்பைக்குத்தான். அதைக் காப்பாத்த எதுக்குடா தீ?"

அவர் எடுத்தது சாதாரண ஹேக்ஸா பிளேடு. காரை ஸ்டாண்டில் ஏற்றி (வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது, இதை மூணு தடவை சொன்னார்), புஷ்ஷும் பிராக்கெட்டும் சேருகிற இடத்தில் பிளேடை வைத்து, ஸ்லீவோடு சேர்த்து போல்ட்டை அறுத்தார். பிராக்கெட்டில் கீறல் விழாமல், பல் டாக்டர் மாதிரி பொறுமை! ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம். அந்தப் பக்கமும் அறுத்ததும் ஆர்ம் தானாகக் கீழே இறங்கியது. அப்பா கைதட்டவில்லை. ஆனா முதல் தடவையாக டீ சொன்னார்.

இதற்குள் நாங்கள் உதிரி வாங்கப் போனோம். ஷாப்பிங் பண்ணினால் இப்படிப் பண்ணணும் பாஸ்! பழைய ஆர்ம் வேணுமா, புது புஷ் வேணுமா என்று கடைக்குக் கடை இழுக்கிறார்கள். பழைய ஆர்மில் இருப்பதும் பழைய புஷ்தானே, அதனால் புது புஷ்ஷே வாங்கினோம். போல்ட்டில்தான் உஷாரா இருக்கணும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று நம்பர் இருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவிசை பலம், மெகாபாஸ்கலில். கழற்றிய போல்ட்டில் என்ன நம்பரோ, அதற்குக் குறையாமல் வாங்கணும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நம்பர் இல்லாத போல்ட்டை சஸ்பென்ஷனில் போடுவது தற்கொலை.

பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினார்கள். புதுசை சோப்புத் தண்ணி தடவி ஏற்றினார்கள். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். போல்ட் உடம்பில் மட்டும் காப்பர் கிரீஸ், அடுத்த தடவை பிடித்துக்கொள்ளாமல் இருக்க.

எல்லாம் மாட்டியாச்சு, முறுக்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது அண்ணன் நிறுத்தினார். காரைக் கீழே இறக்கச் சொன்னார். நாலு சக்கரமும் தரையில் நின்றபிறகு அடியில் புகுந்து கடைசி முறுக்கு கொடுத்தார். ஏன்? ரப்பர் ஸ்லீவோடு ஒட்டியிருக்கிறது. ஆக்ஸில் தொங்கும்போது முறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ராத்திரி தூங்கும்போதுகூட! சில மாசத்தில் கிழிந்துவிடும். "நிறைய பேரு இங்கதான் கோட்டை விடுவாங்க. அப்புறம் புஷ்ஷு டூப்ளிகேட்டுன்னு கடைக்காரன் கூட சண்டை போடுவாங்க" என்றார். எங்கள் ஒர்க்‌ஷாப் லேபில் மரத்தில் டி-ஜாயிண்ட் போட்டதற்கு எனக்கு 47 மார்க். இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. கூவம் பாலம் தாண்டி சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ஒரு ரவுண்ட் போனோம். முதல் ஸ்பீடு பிரேக்கரில் மூணு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சத்தம் இல்லை. அப்பா வேண்டுமென்றே திரும்பி வந்து இன்னொரு தடவை ஏற்றினார். அப்பவும் இல்லை.

"டப்புக்கு அடியில ஒரு பெரிய தட்டு வைங்கண்ணே, தண்ணி சொட்டாது. வாரம் ஒருக்கா அடியில நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்க" என்றார் மெக்கானிக் அண்ணன், காசை எண்ணிக்கொண்டே. அறுத்த போல்ட் துண்டைக் காலால் தள்ளினார். மூலையில் இருந்த இரும்புக் குவியலில் போய் விழுந்தது. அடுத்த மாருதி 800 ஏற்கெனவே வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.