பழைய எண், புதிய எண்

மூட்டை கட்டும்போதுதான் ஒரு வீட்டில் எவ்வளவு புத்தகம் இருக்கிறது என்பது தெரிகிறது. வேளச்சேரியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலை ஆறு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். முந்தின ராத்திரி நாங்கள் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தோழர் அடுக்கியதில் ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். ஊட்டி சுவரில் சாய்ந்துகொண்டு பின்னிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பெயர்கள் 2013இல் வந்தவை. முதல் வேலையின் பயிற்சி வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். பெயர் மனதில் நிற்காததால் ஊரைச் சொல்லிக் கூப்பிட்டோம். நான் கோவில்பட்டி, அவள் ஊட்டி. அவன் மட்டும் முதல் நாளே கேன்டீனில் விலைவாசி பற்றிப் பேசியதால் தோழர் ஆகிவிட்டான்.

ஊட்டிக்குப் பின்னல் அவள் அம்மாவிடமிருந்து வந்தது. அங்கே ஸ்வெட்டர் அலங்காரப் பொருள் இல்லை, வருடம் முழுக்கத் தேவைப்படும் துணி. சென்னைக்கு வந்தபின் கம்பளியை விட்டுவிட்டுப் பருத்தி நூலுக்கு மாறிவிட்டாள். "ஊசி மாத்தல, நூலைத்தான் மாத்துனேன்" என்பாள். நிட், பர்ல் என்று இரண்டே கண்ணிகள், மற்றதெல்லாம் அவற்றின் வரிசை மாற்றம் என்று அவள் ஒருமுறை விளக்கியபோது, "அட, பைனரி!" என்றேன். பின்னல் பற்றிக் கேள்விப்படும் ஒவ்வொரு இன்ஜினியரும் இதைத்தான் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

தோழர் அவளை மேடம் டெஃபார்ஜ் என்பான். டிக்கன்ஸ் 1859இல் எழுதிய 'இரு நகரங்களின் கதை' நாவலில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸில் ஒரு மதுக்கடைக்காரி பின்னிக்கொண்டே இருப்பாள். சாக வேண்டியவர்களின் பெயர்கள் எல்லாம் அந்தப் பின்னலுக்குள் குறியீடாக இருக்கும். ஊட்டி இதற்குச் சிரிப்பாளே தவிரப் பதில் சொல்ல மாட்டாள். எங்கள் கூட்டத்தில் அரசியல் பேசுவது நானும் தோழரும்தான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், கண்ணிகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

அப்படிப் பேசித்தான் ஒருமுறை உடைத்துக்கொண்டோம். 2019 ஜனவரி. பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்குப் பத்து சதவீத இட ஒதுக்கீடு தரும் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த வாரம். தோழர் அதற்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தான். நான் பெரிய நடுநிலைவாதியாக, "எல்லா ஒதுக்கீட்டையும் விடு மச்சான். மெரிட்டுன்னு ஒண்ணு பொதுவா இருக்கணும்ல?" என்றேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அன்று மிகச் சாதாரணமாகத்தான் வாயில் வந்தது.

அவன் சத்தம் போடவில்லை. "உங்க அப்பா வாத்தியார். நீ பொறக்குறதுக்கு முன்னாடியே உங்க வீட்ல புக்கு அலமாரி இருந்துச்சு. எங்க வீட்ல அச்சடிச்ச பொருள்னா ரேஷன் கார்டும் காலண்டரும்தான்டா" என்றான். அவன் தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவனுக்குக் கல்லூரியில் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பேசினேன் என்பதுதான் விஷயம். செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் எட்டு மாதம் பேசவில்லை.

எங்களைச் சமாதானப்படுத்த ஊட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. செப்டம்பரில் அவள் வீடு மாறினாள். இருவருக்கும் தனித்தனியாக ஒரே மெசேஜ்: "ஞாயிறு காலைல ஏழு மணி. சாமான் தூக்க ஆள் வேணும்." போய்ப் பார்த்தால் எதிரே அவன் நிற்கிறான். குறுகலான படிக்கட்டில் ஃபிரிட்ஜின் இரண்டு முனைகளைப் பிடித்திருக்கும் இருவர் பேசாமல் இருக்க முடியாது. "லெஃப்ட்டு... லெஃப்ட்டுடா... கொஞ்சம் இறக்கு... கை பத்திரம்." எட்டு மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். கீழே இறக்கி வைத்ததும் நான், "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா" என்றேன். "தெரியும், தூக்கு" என்றான்.

அதற்குப் பிறகும் வாக்குவாதம் நிற்கவில்லை. ஆனால் பேசும் முன் என் அலமாரியை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

சென்னை வந்தபின் இது எனக்கு ஆறாவது வீடு. ஒவ்வொன்றுக்கும் பதினொரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது. 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. கூடவே, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. என் ஆறு ஓனர்களும் அந்த வாலைப் பிடித்தவர்கள்தான். அரசியல் பற்றி இவ்வளவு பேசுகிற நான் அந்தச் சட்டத்தை முழுதாகப் படித்தது போன வருடம்தான்.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. வீடு மாறிக்கொண்டே இருந்தாலும் என் ஓட்டு கோவில்பட்டியிலேயே இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் ஊருக்குப் போவது எனக்குப் பண்டிகை மாதிரி. 2022இல் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள். 2024 ஏப்ரல் 19 அன்று, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், மாமா வீட்டில் குளித்துவிட்டு, நான் படித்த பள்ளியிலேயே வரிசையில் நின்றேன். பட்டியலில் என் பெயர் இல்லை. கையில் வாக்காளர் அட்டை இருக்கிறது, ஆனால் ஓட்டுக்குக் கணக்கு அட்டை இல்லை, பட்டியல்தான். அந்த முகவரியில் இப்போது நீங்கள் யாரும் இல்லையாமே என்று அங்கே இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். அதில் பொய் என்ன இருக்கிறது? அங்கே நான் பத்து வருடமாக இல்லை.

திரும்பும் பஸ்ஸில் தோழருக்கு ஃபோன் செய்து ஒரு மணிநேரம் ஜனநாயகம் பற்றிப் புலம்பினேன். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க ஏறத்தாழ 70 சதவீதம் வாக்குப்பதிவு. தென்சென்னையில் 54 சதவீத அளவில்தான். ஓட்டுப் போடாதவர்களைச் சோம்பேறிகள் என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்தவன் நான். அவர்களில் எத்தனை பேர் என்னைப் போலப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை முகவரி மாறுகிறவர்கள் என்று முதல்முறையாக யோசித்தேன்.

ஊட்டியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "ஃபார்ம் போடலையா?" அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பால் காய்ச்சிய வாரத்திலேயே பெயரை மாற்றியிருக்கிறாள். முதலில் ஆறு, எட்டு-ஏ என்று தொகுதிக்குத் தக்கபடி இருந்தது. 2022க்குப் பிறகு முகவரி மாற்றம் எல்லாவற்றுக்கும் எட்டாம் எண் படிவம். ஐந்து வீட்டிலும் அவளுக்கு ஓட்டு இருந்திருக்கிறது. எங்கள் எந்த வாக்குவாதத்திலும் அவள் இதைச் சொன்னதில்லை.

"டெஃபார்ஜ் பட்டியல்ல பேர் இருந்தா தலை போயிரும். இங்க பேர் இல்லன்னாதான் ஆள் காலி" என்றான் தோழர். அந்த வாரமே புதிதாக விண்ணப்பித்து வேளச்சேரியில் பெயர் சேர்த்தேன்.

இப்போது சைதாப்பேட்டைக்குப் போகிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஊட்டி ஊசியை நிறுத்தி, "ச்சே" என்றாள். எட்டு வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. தோழரின் பெண் குழந்தைக்கான தொப்பி அது. "எல்லாத்தையும் பிரிக்கணுமா?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றவள் பையிலிருந்து குரோஷே ஊசியை எடுத்தாள். நழுவிய கண்ணியைக் கொக்கியில் மாட்டி, ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "எட்டாம் நம்பர் போட்டுட்டியா?" என்றாள்.

"நாளைக்கு..."

"இப்பவே போடு."

லேப்டாப் பெட்டிக்குள் போய்விட்டதால் ஃபோனில் திறந்தேன். முகவரிச் சான்றுகளின் பட்டியலில் வாடகைப் பத்திரமும் இருந்தது, ஆனால் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். என்னுடையது பதினொரு மாதக் காகிதம். வங்கி பாஸ்புக்கில் முதலில் முகவரியை மாற்ற வேண்டும், அப்புறம்தான் இது என்று புரிந்தது. சரி, திங்கட்கிழமை வங்கி. அதுவரை நிரப்ப முடிந்ததை நிரப்பலாம் என்று ஆரம்பித்தேன். கதவு எண்ணில் தடுமாறினேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று.

"எதைப் போட?"

"ரெண்டையும் போடு" என்றாள் ஊட்டி. "தேடி வர்றவங்களுக்கு எது தெரியும்னு நமக்கென்ன தெரியும்?"

போட்டேன். தோழர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பெட்டியில் வைத்தேன். அப்பாவின் அலமாரியிலிருந்து வந்த புத்தகம், முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து. "இன்னும் ரெண்டு அத்தியாயம்தான்டா" என்றான். எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.