‘டொக்’னு ஒரு சத்தம்!

ஒரு கேள்வி. இரவல் வாங்கின பொருளை உடைச்சிட்டீங்க. ஆனா, உடைஞ்சது வெளியே தெரியலை. அப்படியே திருப்பிக் கொடுத்துட்டா யாருக்கும் சந்தேகம் வராது. நீங்க என்ன செய்வீங்க?

அவசரப்படாதீங்க, முதல்ல கதையைக் கேளுங்க.

பொருள்... கடம். ஓனர், என் வாத்தியார். இருபது வருஷத்துக்கும் மேலா அவர் மடியில இருந்த கடம். இன்டர் காலேஜ் போட்டிக்காகக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன். கே.கே. நகர்ல என் ரூமுக்கு ரெண்டு தெரு முன்னாடி, நண்பனோட பைக் ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்குச்சு. மடியில இருந்த கடம் என் முட்டியில இடிச்சு ‘டொக்’னுச்சு. அவ்வளவுதான். ரூமுக்கு வந்து துணியைப் பிரிச்சுப் பார்த்தா ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடான்னு விரலால தட்டினேன். வெண்கல மணி மாதிரி கேட்கிற பாத்திரம், ஜலதோஷம் பிடிச்ச மாதிரி ‘தொப் தொப்’புங்குது! டார்ச் அடிச்சு உள்ளே பார்த்தப்பதான் தெரிஞ்சது. தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல்.

‘‘மாப்ள, பேசாம கொண்டுபோய் வெச்சிரு. அவரு வீட்லயே விரிசல் விட்டுச்சுன்னு நெனச்சுக்குவாரு’’ன்னான் பைக் ஓட்டுன புண்ணியவான். உண்மையைச் சொல்றேன், அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கும் அந்த ஐடியா பிடிச்சுத்தான் இருந்துச்சு.

காலையில வேற ஐடியா வந்துச்சு. அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி வெச்சிட்டா? (இதுவும் திருட்டுத்தனம்தான். கொஞ்சம் காஸ்ட்லி திருட்டுத்தனம்.) மாட்டுத்தாவணியில பஸ் ஏறிட்டேன். கூட என் ரூம்மேட். வயலின் வாசிக்கிற பையன். சிலைமான், திருப்புவனம் தாண்டுற வரைக்கும் ஸ்ட்ராடிவேரி புராணம் பாடிக்கிட்டே வந்தான்.

இத்தாலியில கிரெமோனாங்கிற ஊர். அன்டோனியோ ஸ்ட்ராடிவேரி அங்கே 1737-ல சாகிற வரைக்கும், தொண்ணூறு வயசைத் தாண்டியும், வயலின் செஞ்சாராம். அவர் செஞ்சதுல சுமார் 650 கருவிகள் இன்னும் மிச்சம் இருக்கு. 1721-ல செஞ்ச ஒரு வயலின், 2011-ல சுமார் 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் அவர் பேரு, ஊரு, வருஷம் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருப்பாராம். ஆனா, அவரைப் புதைச்ச சர்ச்சை 19-ம் நூற்றாண்டுல இடிச்சிட்டாங்க. எலும்பு எங்கேன்னு தெரியாது, சீட்டு மட்டும் இருக்கு!

‘‘வயலின் உடைஞ்சா ஒட்டிக்கலாம்டா. முந்நூறு வருஷமா ஒட்டி ஒட்டித்தான் வாசிக்கிறாங்க’’ன்னான். அந்த நேரத்துல அது ரொம்பத் தேவையான ஆறுதல், பாருங்க!

மானாமதுரை. வைகைக் கரையில இருக்கிற ஊர். பொங்கல் பானை, தண்ணிப் பானைன்னு ரோட்டோரம் அடுக்கியிருப்பாங்க. ஆனா, கச்சேரி உலகத்துல அந்த ஊருக்குப் பேரே கடத்தாலதான். விக்கு விநாயக்ராம் கையால உலகமெல்லாம் சுத்தின வாத்தியம். மிக்கி ஹார்ட்டோட ‘பிளானட் டிரம்’ ஆல்பம் கிராமி வாங்கினப்போ அதுல இவர் கடமும் இருந்துச்சு. மெட்ராஸ் கடம் லேசா இருக்கும். மானாமதுரைக் கடம் கனம், சத்தத்துல ஒரு உலோக நறுக்கு.

நான் போன வீட்டுல ஒரு அக்கா, பாதி காய்ஞ்ச பானைக்குள்ள இடது கையில உருண்டைக் கல்லைப் பிடிச்சுக்கிட்டு, வெளிப்பக்கம் மரப்பலகையால தட்டிக்கிட்டு இருந்தாங்க. சக்கரத்துல வனையிறது பெரும்பாலும் ஆம்பிளைங்க. ஆனா, பானையைக் கடமா மாத்துறது இந்தத் தட்டுதான். ஆயிரக்கணக்குல தட்டணும். ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெலிசுன்னு ஆயிட்டா நாதம் போச்சு. அப்படித் தட்டித் தட்டியே 2014-ல ஜனாதிபதி கையால சங்கீத நாடக அகாடமி விருது வாங்கினவர், இதே ஊர் மீனாட்சி கேசவன். ஒரு கச்சேரிகூட வாசிக்காம, வாத்தியம் செஞ்சதுக்காக!

நான் துணியைப் பிரிச்சேன். அக்கா ஒரே ஒரு தட்டு. ‘‘இது போயிருச்சு தம்பி.’’

‘‘ஒட்ட முடியாதாக்கா?’’

‘‘மண்ணை ஒருக்கா சுட்டாச்சுன்னா சுட்டதுதான்.’’

‘‘அப்ப இதே மாதிரி ஒண்ணு கொடுங்க. ரெண்டரைக் கட்டை.’’

வரிசையா எடுத்து வெச்சாங்க. ஒவ்வொண்ணா தட்டினேன். சுருதி கிட்டக்கிட்ட வருது. ஆனா, ஒண்ணுகூட அது இல்லை. ‘‘மண்ணும் ஒண்ணு, சூளையும் ஒண்ணு. சத்தம் மட்டும் அததுக்குத் தனித்தனி’’ன்னு சிரிச்சாங்க. அந்த இடத்துலதான் என் பிளான் காலி. கண்ணுக்கு ஒரே மாதிரி வாங்கிடலாம், காதை ஏமாத்த முடியாது.

அப்புறம் அக்கா, பழைய கடத்துக்குள்ள கையை விட்டுத் தடவிப் பார்த்துட்டு, ‘‘இங்க செஞ்சதுதான். யாரு கைன்னுதான் தெரியலை’’ன்னாங்க. சீட்டு ஒட்டலையே!

திரும்பி வர்றப்ப ரூம்மேட் இன்னொண்ணும் சொன்னான். பாரீஸ்ல கண்ணை மறைச்சு ஒரு டெஸ்ட் வெச்சாங்களாம். பெரிய வயலின் கலைஞர்கள் பத்துப் பேர், பழசு ஆறு, புதுசு ஆறு. அதுல ஆறு பேர் புதுசைத்தான் எடுத்தாங்களாம். 2014-ல ரிசல்ட் வெளியாச்சு. ‘‘அதனால சார் புதுசைப் பிடிச்சுக்குவாருடா’’ன்னான். எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணை மறைச்சு எடுக்கலாம், இருபது வருஷ மடிப் பழக்கத்தை எப்படி மறைக்கிறது?

நேரா சார் வீடு. ரெண்டையும் முன்னாடி வெச்சேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பழசைத் தட்டிட்டார். திட்டுவார்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ரொம்ப நேரம் கழிச்சு, ‘‘ஞாயித்துக்கிழமை கல்யாணக் கச்சேரி இருக்குடா’’ன்னு மட்டும் சொன்னார்.

போட்டிக்கு நான் போகலை. ஞாயித்துக்கிழமை மேடையில அவருக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். புதுக் கடம் சுருதி ஒரு நூல் தூக்கல். பிளாஸ்டிசின் களிமண்ணைக் கிள்ளி உள்ளே ஒட்டி இறக்கினார். தனி ஆவர்த்தனத்துல ரெண்டு இடத்துல கை தயங்குச்சு. எனக்குத் தெரிஞ்சது. மிருதங்கக்காரருக்கும் தெரிஞ்சது, திரும்பிப் பார்த்தார்.

கச்சேரி முடிஞ்சு கடத்தைத் துணியில சுத்தி என் கையில கொடுத்தார். ‘‘ஆட்டோவுல வா. பைக் வேணாம்.’’