மலையிலிருந்து கடல் வரை: எனது முதற் பாலிப் பயணம்

பயணம் சென்று திரும்பியவரிடம், "எத்தனை இடங்களைப் பார்த்தீர்கள்?" என்றே எல்லோரும் கேட்பர். இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஏழு நாட்கள் தங்கிய நான் பார்த்தவை மூன்று இடங்கள் மாத்திரமே. அவற்றை ஆறுதலாகப் பார்த்ததனால் அறிந்துகொண்டவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு இந்தோனேசியா. அவற்றுள் ஒன்றான பாலியில் மலைகள் பல எரிமலைகளாகும். அவற்றுள் உயரமான ஆகுங் மலை 3,000 மீற்றருக்கும் மேல் எழுந்து நிற்கின்றது. 1963 ஆம் ஆண்டு அது வெடித்தபோது ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். ஆயினும் எரிமலைச் சாம்பலே அம்மண்ணை வளமாக்குகின்றது. உயிரைப் பறித்த மலையே சோற்றையும் தருகின்றது என்பது வியப்பல்லவா?

முதலில் நான் தங்கியது ஜாதிலுவே என்னும் மலைக் கிராமத்தில். மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டப்பட்ட நெல்வயல்கள். காலையில் வரம்புகளில் நடப்பதும் மாலையில் மழையைப் பார்த்திருப்பதுமே எனது வேலை. மூன்றாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதில் அளவாக வெட்டிய பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்தின் வழியாகவும் ஒரு பகுதியினருக்குரிய நீர் பிரிந்து சென்றது. 'சுபாக்' எனப்படும் விவசாயிகள் சங்கமே இப்பங்கீட்டைக் கவனிக்கின்றது. இம்முறை ஒன்பதாம் நூற்றாண்டு தொட்டு நிலவி வருகின்றது.

அடுத்து பத்தூர் எரிமலைக்குச் சென்றேன். அதன் பெருங்குழியினுள் அகன்ற ஏரியொன்று உண்டு. 1926 ஆம் ஆண்டு வெடிப்பில் அழிந்த கோயிலை மக்கள் குழியின் விளிம்பில் மீண்டும் கட்டினர். அங்கு ஏரியின் தெய்வமான 'தேவி தானு' வணங்கப்படுகின்றாள். எப்போது விதைப்பது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பன பற்றி விவசாயிகள் இக்கோயிலில் ஆலோசனை கேட்பர்.

இதனை வெறும் நம்பிக்கை என்று எண்ணுகிறீர்களா? 1970களில் அதிகாரிகளும் அவ்வாறே எண்ணினர். புதிய நெல்லினங்களை இடைவிடாது பயிரிடுமாறு தூண்டினர். கோயிலின் ஒழுங்கு குலைந்தது. வயல்களில் ஆண்டு முழுவதும் பயிர் நின்றதால் தத்திப் பூச்சிகளும் எலிகளும் பெருகின, விளைச்சல் பாழானது. அயலிலுள்ள வயல்கள் ஒரே காலத்தில் தரிசாகும்போதே பூச்சிகள் உணவின்றி அழிகின்றன என்பதை அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் 1980களில் கணினி மாதிரி மூலம் எடுத்துக்காட்டினார். படிப்பில்லாதவர் வழக்கம் என ஒதுக்கப்பட்டது உண்மையில் பெரும் அறிவாக இருந்தது.

இறுதி நாட்களை அருகிலுள்ள லெம்பொங்கான் என்னும் சிறு தீவில் கழித்தேன். ஆழமற்ற கடலில் கயிறுகளைக் கட்டிக் கடற்பாசி வளர்க்கின்றனர். ஐஸ்கிறீம், பற்பசை முதலியவற்றைத் தடிப்பாக்கும் பொருள் இதிலிருந்து கிடைக்கின்றது. சுற்றுலா பெருகியபோது பலர் இத்தொழிலைக் கைவிட்டனர். 2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றினால் பயணிகள் வராது போகவே, மீண்டும் கடலில் இறங்கினர். அத்தீவின் கரையில் நின்றால் கடலுக்கு அப்பால் ஆகுங் மலை தெரியும்.

சுபாக் வயல்களை யுனெஸ்கோ 2012 ஆம் ஆண்டு உலக மரபுரிமையாக அறிவித்தது. ஆனால் அவ்வழகைக் காண வருவோருக்காகவே வயல்கள் விடுதிகளாகின்றன; பயிருக்குரிய நீர் அவற்றின் நீச்சல் தடாகங்களுக்குச் செல்கின்றது. அங்கு சென்ற நானும் அப்பயணிகளுள் ஒருவன் என்பதை மறக்க முடியவில்லை.

ஆகவே நீங்கள் ஒரு புதிய ஊருக்குச் செல்லும்போது புகைப்படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஓரிடத்தில் சில நாட்கள் தங்குங்கள். இங்குள்ள நீர் எங்கிருந்து வருகின்றது, அதனை யார் பகிர்கின்றனர், நாம் வருவதால் யாருடைய பங்கு குறைகின்றது என்று கேளுங்கள். அவ்வூரை அறிவதற்கு அதுவே நல்ல தொடக்கமாகும்.