ராபின்சன் நீர்வீழ்ச்சிக்கு அம்மாவோடு

கேமரன் மலைக்குப் போனால் நம்மில் பலருக்கு ஒரு வழக்கமான சுற்று உண்டு. தேயிலைத் தோட்டத்தில் படம், ஸ்ட்ராபெரிப் பண்ணை, இரவுச் சந்தையில் அவித்த சோளம், திரும்பும்போது வண்டி நிறையக் காய்கறி. போன பள்ளி விடுமுறையில் நாங்களும் அதைத்தான் செய்தோம். இரண்டாம் நாள் காலை பிரிஞ்சாங் சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றபோது, "நாம எங்கேயாவது நடந்து போகலாமா?" என்று கேட்டான் என் எட்டு வயது மகன். வண்டியைத் தானா ராத்தாவுக்கே திருப்பினேன்.

அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி வேறு. அதனால் சுலபமான பாதையாக விசாரித்ததில், 9ஆம் எண் தடத்தைச் சொன்னார்கள். மார்டி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சாலையில் போய் வண்டியை நிறுத்திவிட்டு, சிறு பாலத்தைக் கடந்தால் காடு தொடங்கிவிடும். அங்கிருந்து ராபின்சன் நீர்வீழ்ச்சிக்குச் சாதாரணமாக நடந்தால் கால் மணி நேரம். எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முட்டிவலி பாதிக் காரணம்தான்.

அம்மா இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீட்டில் வளர்ந்து, கொழுந்து பறித்து, கல்யாணமாகி ஈப்போவுக்குப் போனவர். கேமரன் என்றாலே "அங்க என்ன இருக்கு, குளிரும் அட்டையும்தான்" என்று பேச்சை முடித்துவிடுவார். இந்தப் பயணத்துக்கே பேரன்தான் கெஞ்சி அழைத்து வந்தான்.

பாதை தொடங்கும் இடத்திலேயே வெயில் படும் ஓரத்தில் ஊதா நிறப் பூக்கள். செண்டுடுக் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் செடி. நெடுஞ்சாலை ஓரங்களிலும் பார்த்திருப்பீர்கள். ஐந்து இதழ், நடுவில் மஞ்சளிலும் ஊதாவிலும் வளைந்த மகரந்தத் தாள்கள். "என்ன அழகு பாருங்கம்மா" என்று நான் கைப்பேசியை எடுத்தேன். அம்மா சிரித்துவிட்டார்.

"இதப் பிடுங்கத்தான் எங்களுக்குச் சம்பளமே குடுத்தாங்க. கொழுந்து இல்லாத நாள்ல கங்காணி புல்லுவெட்டுக்கு அனுப்புவாரு. இந்தச் சனியன் வேரோட வராது. கை கிழிஞ்சிடும்."

நான் படம் எடுக்காமல் கைப்பேசியை உள்ளே வைத்தேன்.

பூக்காடு என்று எதிர்பார்த்து இங்கே போகாதீர்கள். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரங்கள் அடர்த்தி, தரைக்கு வெளிச்சம் வருவது குறைவு. அதனால் பூக்கள் இரண்டு இடத்தில்தான் இருக்கும்: மரம் விழுந்து வெயில் இறங்கும் இடத்தில் ஒரு கூட்டம், நீர் கசியும் பாறையை ஒட்டி இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தைப் பார்க்கக் குனிய வேண்டும். முட்டிவலிக்காரர் நின்று நின்று நடப்பது இங்கே உதவியாகத்தான் இருந்தது.

அப்படி நின்ற ஒரு இடத்தில் பெகோனியா. அதன் இலையின் ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி சிறிதாகவும் இருக்கும்; பூக்காத நாளிலும் அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தில் காசித்தும்பை இனம் ஒன்று. அம்மா அதன் முற்றிய காயைப் பேரனின் விரலால் தொடச் சொன்னார். காய் பட்டென்று வெடித்து விதை தெறித்ததும் அவன் அலறிய அலறல் தானா ராத்தா பசார் வரை கேட்டிருக்கும்.

சற்றுத் தள்ளிக் காட்டு இஞ்சி. இலைகள் ஆளுயரம், பூவோ செடியில் இல்லாமல் தனியாகத் தரையிலிருந்து கிளம்பியிருந்தது. "யாரோ போட்டுட்டுப் போன பொம்மை" என்றான் மகன். அசாம் லக்சாவில் நறுக்கிப் போடுகிறோமே புங்கா காந்தான், அதற்கு இது சொந்தம்தான் என்றேன்.

ஒரு எச்சரிக்கை. காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் மழையும் மூடுபனியும் சொல்லாமல் வரும். வழுக்காத காலணி வேண்டும், போகும் இடத்தை விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள். தாய்ப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26ஆம் தேதி இந்த மலையில்தான் நடக்கப் போனார், திரும்பவே இல்லை. போலீசாரும் ஓராங் அஸ்லி மக்களும் தேடியும் தடயம் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது பத்து வயது. ரொம்ப நாளைக்குப் பிள்ளைகளை விறகுக்குக்கூடத் தனியாக அனுப்பவில்லையாம்.

நீர்வீழ்ச்சி முதலில் காதுக்குத்தான் வந்தது. பிறகு மரங்களுக்கு இடையே வெள்ளையாக விழுவதைக் காண்போம் என்று நினைத்தேன். வெள்ளை இல்லை. பால் விட்ட தேநீர் நிறத்தில் பெர்த்தாம் ஆறு பாறையில் மோதி இறங்கிக்கொண்டிருந்தது. முந்தின இரவு நல்ல மழை. மேலே பிரிஞ்சாங்கும் தானா ராத்தாவும், சரிவுகளை வெட்டிப் போட்ட காய்கறிப் பண்ணைகளும் இருக்கின்றன. மழை பெய்தால் அந்த மண் ஆற்றுக்கு வரும். ஆறு அதை ரிங்லெட் ஏரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மின்சாரத்துக்காக 1963இல் கட்டி முடித்த அணை அது. சேறு நிரம்பிக்கொண்டே இருப்பதால் தூர்வாருவதே அங்கே ஓயாத வேலை. குளிக்கும் ஆசை யாருக்கும் வரவில்லை. ஒரு பாறை இடுக்கில் பிளாஸ்டிக் போத்தல் சுழன்றுகொண்டிருந்தது.

அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஒரு தீபாவளிக்கு எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு இங்க வந்தாரு. கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்தோம். தண்ணிய அப்படியே கையால அள்ளிக் குடிச்சோம்."

இதை அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தாத்தாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் பெரட்டுக்குப் பிந்தினால் வாங்கும் ஏச்சும், இருமலும்தான்.

"யாரும்மா இப்படிப் பண்ணது?" என்று கேட்டான் மகன், என்னைப் பார்த்து. நான் பண்ணைகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அம்மா குறுக்கிட்டார்: "நேத்து நீ மலிவுன்னு ஆறு முட்டைக்கோஸ் வாங்கினியே, அது எங்க விளைஞ்சதுன்னு நினைக்கிற?"

நீர்வீழ்ச்சியைத் தாண்டினால் ஒரு இரும்புக் கதவு, அதற்கப்பால் பாதை மின்நிலையத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. பெரியவர்களோடு போகிறவர்கள் இங்கேயே திரும்பிவிடுவது நல்லது. நாங்களும் திரும்பினோம். மகன் அந்தப் போத்தலை ஒரு குச்சியால் இழுத்து எடுத்துவந்தான்.

பாலத்துக்குச் சற்று முன் அதே செண்டுடுக் புதர். அம்மா நின்று, இலைகளை விலக்கி, வெடித்திருந்த பழம் ஒன்றைத் தேடிப் பறித்தார். கருநீலச் சதை. "தெரியாத பழத்த வாயில வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியும்" என்று பேரனுக்கு ஒரு பாதியைக் கொடுத்து, மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி நாக்கை நீட்டினார்கள். இரண்டும் ஒரே ஊதா.

இந்த முறை படம் எடுத்தேன்.